கேட்டு எழுதிய வாழ்க்கைகள்

நகரத்து எளிய மக்கள் தங்கள் பாடுகளைத் தாங்களே சொல்ல, அதை இன்னொருவர் கேட்டு எழுதி அச்சேற்றும் வழக்கம் பிரிட்டனில் நாடாளுமன்ற விசாரணைகளிலிருந்து கிளைத்தது. 1832இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் கூடிய குழு நூற்பாலைத் தொழிலாளர்களை வரவழைத்து, எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், மேஸ்திரி எதற்கெல்லாம் அடித்தார் என்று கேட்டு எழுதி வைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த சிறுவர் சிறுமியரின் வாக்குமூலங்கள் படங்களோடு வெளிவந்தன. அதே 1842இல், பெண்களும் 10 வயது நிரம்பாத சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இந்த அறிக்கைகளில் பேசுகிறவர் ஒரு சாட்சி. பதில் கேள்விக்குள் அடங்க வேண்டும். எதற்காகக் கேட்கிறார்கள் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

தொழிற்சாலையும் சுரங்கமும் இல்லாத தெருவோரப் பிழைப்புகளின் பக்கம் காது திரும்பியது லண்டனில், 1849இல். அந்த ஆண்டு காலரா நகரத்தில் ஏறத்தாழ 14,000 பேரைக் கொண்டுபோனது. செப்டம்பரில் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பெர்மாண்ட்சியில் உள்ள ஜேக்கப்ஸ் ஐலண்ட் சேரியைச் சுற்றிப் பார்த்து 'மார்னிங் கிரானிக்கிள்' நாளிதழில் எழுதினார். கழிவு கலந்த கால்வாய் நீரையே மக்கள் வாளியில் மொண்டு, தெளியவைத்துக் குடிப்பதை அவர் பார்த்திருந்தார். அக்கட்டுரையின் வேகத்தில் அக்டோபர் 18 அன்று 'உழைப்பும் ஏழைகளும்' என்ற பெரிய தொடர் தொடங்கியது. ஆலை நகரங்களுக்கும் கிராமப்புறங்களுக்கும் வேறு செய்தியாளர்கள் போனார்கள். லண்டன் மேஹ்யூவின் பங்குக்கு வந்தது.

மேஹ்யூ 1812இல் பிறந்தவர், வழக்கறிஞரின் மகன். நாடகமும் நகைச்சுவையும் எழுதிப் பிழைத்தவர். 1841இல் 'பஞ்ச்' இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவர். கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்த அனுபவமும் அவருக்கு இருந்தது. இப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து 19ஆம் நூற்றாண்டின் பெரிய வாய்மொழித் தொகுப்புகளுள் ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நாளிதழின் பணத்தில் அவருக்கு உதவியாளர்களும், சொல்வதை அப்படியே எடுக்கச் சுருக்கெழுத்தாளரும், ஊர் சுற்றக் குதிரை வண்டியும் கிடைத்தன. சிலரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். சிலரை அலுவலகத்துக்கு வரவழைத்தார். தையல்காரப் பெண்களையும் சிறையிலிருந்து வந்தவர்களையும் கூட்டம் கூட்டி, ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசச் சொன்னார்.

தொடரில் முதலில் ஊரை உலுக்கியவை தையல்காரப் பெண்களின் பேச்சுகளே. ஆயத்த ஆடைக் கடைகளுக்கு உருப்படிக் கூலிக்குச் சட்டை தைத்தவர்கள் நூலையும் மெழுகுவர்த்தியையும் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருந்தது. அது போக மிஞ்சியதில் வாடகையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வழியில்லாமல் சிலர் இரவில் தெருவுக்குப் போனார்கள். இதை அவர்களே சொன்னார்கள். வாசகர்கள் நாளிதழுக்குப் பணம் அனுப்பினார்கள். முன்னாள் அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் இந்தப் பெண்களைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பி வைக்க ஒரு நிதியையே தொடங்கினார். கூலி ஏன் அவ்வளவு குறைவு என்பது அவர்களின் கேள்வி. கப்பல் டிக்கெட் கிடைத்த பதில்.

மேஹ்யூ கூலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் நாளிதழோடு மோதல் வந்தது. தடையற்ற வணிகத்தை ஆதரித்த அந்த ஏட்டுக்கு அவருடைய முடிவுகள் ஒத்துவரவில்லை; ஒரு துணிக்கடை விவகாரத்தில் பிணக்கு முற்றி 1850இல் அவர் வெளியேறினார். அந்த டிசம்பர் முதல் 'லண்டன் உழைப்பும் லண்டன் ஏழைகளும்' என்ற பெயரில், வாரம் ஒரு பகுதி இரண்டு பென்ஸ் விலையில் சொந்தமாக வெளியிட்டார். ரிச்சர்ட் பியர்டின் டாகரோடைப் ஒளிப்படங்களைப் பார்த்துச் செதுக்கிய மரக்கட்டைப் படங்கள் அதில் இடம்பெற்றன. அட்டையின் உட்புறம் வாசகர் கடிதங்களும் பதில்களும். 1852இல் அச்சகத்தாரோடு ஏற்பட்ட வழக்கில் வெளியீடு நின்றுபோனது. 1861-62இல் நான்கு தொகுதிகளாக மறுபடி வந்தபோது நான்காம் தொகுதியின் பெரும்பகுதியை வேறு ஆட்கள் எழுதியிருந்தார்கள்.

அந்தத் தொகுதிகளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது தொழில்களின் எண்ணிக்கை. தள்ளுவண்டியில் காய், பழம், மீன் விற்போர், சுட்ட உருளைக்கிழங்கு விற்போர், தெரு முனையில் குதிரைச் சாணத்தை ஒதுக்கி, கடந்து போகிறவர்களுக்கு வழி பெருக்கிக் காசு வாங்குவோர், சாக்கடைக் குழாய்களுக்குள் புகுந்து நாணயமும் இரும்பும் தேடுவோர், எலி பிடிப்போர். ஆற்றில் நீர் வடியும்போது சேற்றில் இறங்கிக் கரித்துண்டும் கயிறும் பொறுக்கிய சிறுவர்களுக்குத் தேம்ஸ் கரையில் தனிப் பெயரே இருந்தது. கிடைத்த நிலக்கரியை அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு ஒரு பென்னிக்கு 14 ராத்தல் என்று விற்றார்கள். கப்பல் பட்டறையோரம் அகப்படும் செம்பு ஆணிதான் அவர்களுக்குப் புதையல்: ராத்தல் நான்கு பென்ஸ். அக்கால நாணயத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

நாய் மலம் பொறுக்கி விற்றவர்களும் இருந்தார்கள். பெர்மாண்ட்சியின் தோல் பதனிடும் பட்டறைகளில் தோலை மிருதுவாக்க அது தேவைப்பட்டது. ஒரு வாளிக்கு எட்டு முதல் பத்து பென்ஸ்; நன்றாகக் காய்ந்து வெளுத்தது என்றால் ஒரு ஷில்லிங்குக்கு மேலும் போனது. பழைய சுவர்ச் சுண்ணாம்பைக் கலந்து அளவைக் கூட்டிய ஆட்களும் உண்டு. இந்தத் தொழிலில் இருந்த ஒரு மூதாட்டி மேஹ்யூவிடம் தன் கதையைச் சொல்கிறார். நல்ல நிலையில் வாழ்ந்தவர், கணவர்களை இழந்தவர், முதுமையில் வாளியோடு தெருவில் நடப்பவர். அரசின் ஏழையர் விடுதிக்குப் போயிருக்கலாம். அங்கே போவதைவிடத் தெருவில் சாவதே மேல் என்று அவர் இருந்தார். ஏழையர் விடுதியைப் பற்றிய இந்த வெறுப்பு தொகுதிகள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. சட்டம் இயற்றியவர்கள் விரும்பியதும் அதுவே. 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டம், விடுதி வாழ்க்கை வெளியில் உள்ள மிகத் தாழ்ந்த கூலி வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருந்தது.

மேஹ்யூ எடுத்த பேட்டிகளில் அதிகம் பேசப்பட்டது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. நீரோடைகளில் வளரும் வாட்டர்கிரெஸ் கீரையை லண்டன்காரர்கள் காலை ரொட்டியோடு பச்சையாகத் தின்பார்கள். பாரிங்டன் சந்தையில் விடியுமுன் கீரை வாங்கி, குழாயடியில் கழுவி, சிறு கட்டுகளாகக் கட்டித் தெருத்தெருவாகக் கூவி விற்பது அவள் வேலை. குளிர்காலத்திலும் மெல்லிய பருத்திக் கவுன், தோளில் ஒரு நைந்த சால்வை, காலில் தேய்ந்த துணிச் செருப்பு. மேஹ்யூ அவளிடம் முதலில் பொம்மைகளைப் பற்றியும் விளையாட்டுத் தோழிகளைப் பற்றியும் பூங்காக்களைப் பற்றியும் கேட்டார். சிறுமிக்கு ஒன்றும் புரியவில்லை. பூங்கா என்றால் என்ன, தன்னைப் போன்றவர்களை அங்கே உள்ளே விடுவார்களா என்று திருப்பிக் கேட்டாள்.

வியாபாரத்தைப் பற்றிக் கேட்டவுடன் பேச்சு மாறுகிறது. சந்தைக்காரி அரைப் பென்னிக்குச் சின்னக் கைப்பிடி கொடுத்தால் வாங்காமல் அடுத்த கூடைக்குப் போய்விடுவதாகவும், தன்னை யாரும் ஏமாற்ற முடியாதென்றும் சொல்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு ஷில்லிங்குக்கு எத்தனை பென்னி என்று தெரியும். ஒரு நாள் ஒன்றரை ஷில்லிங்குக்கு விற்ற பெருமையைச் சொல்லிவிட்டு, வழக்கமாக மூன்று நான்கு பென்ஸ்தான் தேறும் என்று ஒத்துக்கொள்கிறாள். காசு முழுவதும் அம்மாவிடம் போகிறது. அத்தையின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட காலத்தையும் சொல்கிறாள். தான் குழந்தை என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. வரலாற்றாசிரியர் கரோலின் ஸ்டீட்மன் பின்னாளில் இந்தப் பேட்டியை ஆராய்ந்தபோது கவனித்ததும் இதையே: பெரியவர் இரக்கப்பட்டுத் தேடிய பிள்ளைமை அந்தச் சிறுமியிடம் இல்லை, அவள் சொல்ல விரும்பியது தன் உழைப்பால் வீட்டில் தனக்குக் கிடைத்த இடத்தை.

இந்த வகைப் பதிவுகளின் வரலாறு முழுக்க இதே நிலை தொடர்கிறது. துயரத்தைக் கேட்டால் மக்கள் ஒன்றிரண்டு சொற்களில் முடித்துக்கொள்கிறார்கள். என்ன விலைக்கு வாங்கினாய், என்ன மிஞ்சியது என்று கேட்டால் வாழ்க்கை முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. மேஹ்யூவுக்கு இது தெரிந்திருந்தது; கணக்குகளைக் கேட்டு எழுதினார். தள்ளுவண்டிக்காரர்கள் வண்டியை நாளுக்கு மூன்று நான்கு பென்ஸுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். ஓராண்டு வாடகை ஒரு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். சரக்குக்கு முதல் இல்லாதவர்கள் வாரத்துக்கு 20 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,040 சதவீதம் என்று அவரே போட்டுக் காட்டினார். சென்னைக் காய்கறிச் சந்தையில் காலையில் வாங்கி மாலையில் திருப்பும் நாள் வட்டி தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் கண்ணுக்குத் தெரிபவைதான். மேஹ்யூ தன் கேள்விகளை எடுத்துவிட்டுப் பதில்களை மட்டும் தொடர்ச்சியான பேச்சாகக் கோத்தார். எது தானாகச் சொன்னது, எது கேட்டுச் சொன்னது என்று பிரிக்க வழியில்லை. உழைப்போர், உழைக்க முடியாதோர், உழைக்க மாட்டாதோர் என்று மக்களைப் பங்குபோட்டார். தெருவில் திரிபவர்களை நாடோடிக் குடிகளோடு ஒப்பிட்டு, மண்டையோட்டு அமைப்பு வரை பேசினார். சொன்னவர்களின் குரலுக்கும் அதைச் சுற்றி அவர் எழுதிய கோட்பாட்டுக்கும் ஒட்டவே ஒட்டாத பக்கங்கள் உண்டு. அவர் 1887இல் இறந்தபோது உலகம் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தேர்ந்தெடுத்த பகுதிகள் மறுபடி அச்சாகின. 1971இல் ஈ. பி. தாம்சனும் ஐலீன் இயோவும் நாளிதழ்க் கட்டுரைகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார்கள்.

அடுத்த தலைமுறையில் காற்று எண்களின் பக்கம் வீசியது. கப்பல் நிறுவன முதலாளியான சார்லஸ் பூத் 1886இல் தொடங்கி 17 ஆண்டுகள் லண்டனைத் தெருத்தெருவாக ஆராய்ந்து, மக்களில் 30.7 சதவீதத்தினர் வறுமையில் இருப்பதாகக் கணக்கிட்டார். வறுமை வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் நிறம் கிடைத்தது. தெருக்காரர்களின் பேச்சு பெரும்பாலும் குறிப்பேடுகளிலேயே தங்கிவிட்டது.

எண்ணும் பேச்சும் ஒரே பக்கத்தில் சந்தித்தது தென் லண்டனின் லாம்பெத்தில். ஃபேபியன் மகளிர் குழுவினர் 1909 முதல் நான்கு ஆண்டுகள் அங்குள்ள வீடுகளுக்கு வாரந்தோறும் போனார்கள். கணவரின் வாரக் கூலி 18 முதல் 30 ஷில்லிங் வரை உள்ள குடும்பங்கள். குடிகாரர்களோ வேலையற்றவர்களோ அல்ல, ஒழுங்காக வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுச் செலவை வாரம் வாரம் எழுதி வைக்கும்படி மனைவிமாரைக் கேட்டுக்கொண்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளையோ கணவரோ எழுதிக் கொடுத்தார்கள். அல்லது அவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். அவர்கள் பேசுகிறபடியே எழுதிய எழுத்துப் பிழைகளோடு அந்தக் கணக்குகளை வைத்து, குழுவைச் சேர்ந்த மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913இல் ஒரு நூல் எழுதினார்.

அந்தக் கணக்குகளில் வாடகைக்கு அடுத்துத் தவறாமல் வரும் செலவு சாவுக் காப்பீடு. பிள்ளை ஒன்றுக்கு வாரம் ஒரு பென்னி. வயிற்றுக்கே போதாதபோது இது எதற்கு என்று வசதியுள்ளவர்கள் கேட்டார்கள். பிள்ளை இறந்தால் அடக்கச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டிவரும். அந்தக் கடனை அடைக்க மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டில் பல மாதம் கை வைக்க வேண்டும். கடனும் கிடைக்காவிட்டால் பொதுச் செலவில் ஏழையர் அடக்கம் என்ற அவமானம். ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் புதைத்த தெருவில் அந்த ஒரு பென்னி வீண்செலவு அல்ல.

ஓட்ஸ் கஞ்சி விவகாரம் இன்னும் சுவையானது. மலிவும் சத்துமான கஞ்சியை விட்டுவிட்டு ஏழைகள் ரொட்டியும் தேநீரும் சாப்பிடுகிறார்களே என்பது அந்நாளைய நல்லெண்ணக்காரர்களின் நிரந்தரப் புகார். லாம்பெத் பெண்கள் சொன்ன காரணங்கள் எளியவை. வீட்டில் இருப்பது ஒரே பழைய பாத்திரம். முதல் நாள் வைத்த மீனின் வாடை கஞ்சியில் ஏறும். அடுப்பில் நெடுநேரம் நின்று கிளற வேண்டும். எரிவாயுவுக்குக் காசு, கிளறுகிறவளுக்கு நேரம், இரண்டும் கிடையாது. பாலும் சர்க்கரையும் இல்லாமல் கணவரும் பிள்ளைகளும் அதைத் தொட மாட்டார்கள். ரொட்டிக்குப் பாத்திரமே வேண்டாம். பிள்ளை கையில் ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பிவிடலாம். 

1915இல் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் இன்னும் ஒரு படி போனது. சங்கத்தின் செயலாளர் மார்கரெட் லூயெலின் டேவிஸ், உறுப்பினர்களைத் தங்கள் பிரசவ அனுபவங்களைக் கடிதமாக எழுதச் சொல்லி, 160 கடிதங்களைப் பெயரில்லாமல் வெளியிட்டார். கருச்சிதைவு, பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே துணி துவைக்க நின்றது, கர்ப்பிணி தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மருத்துவச்சிக்குக் காசு சேர்த்தது: அடுத்த வீட்டுக்காரிக்குக் கூடச் சொல்லாதவை இவை. கடிதத்தின் அடியில் கணவரின் கூலியும், பிள்ளைகளின் எண்ணிக்கையும், கருச்சிதைவுகளின் எண்ணிக்கையும் மட்டும் போட்டிருந்தார்கள். எழுதியவர்கள் உழைக்கும் வகுப்பிலேயே சற்று வசதியானவர்கள் என்பதைப் பதிப்பாசிரியரே சுட்டிக்காட்டினார். அவர்கள் கதியே இது என்றால் மற்றவர்களின் நிலையை வாசகர் ஊகிக்கட்டும் என்பது அவர் கணக்கு. இதே சங்கத்தின் போராட்டத்தால்தான், 1911 காப்பீட்டுச் சட்டம் தந்த 30 ஷில்லிங் மகப்பேறு உதவித்தொகை 1913இல் மனைவியின் சொத்து என்று திருத்தப்பட்டது.

1937இல் தொடங்கிய 'மாஸ் அப்சர்வேஷன்' அமைப்பு இதே வழியில் நாட்குறிப்பு எழுதும் தன்னார்வலர்களை நாடெங்கும் திரட்டியது. போர்க்காலத்தில் ஏறத்தாழ 500 பேர் எழுதி அனுப்பினார்கள். பாரோ நகரத்து இல்லத்தரசி நெல்லா லாஸ்ட் எழுதியது லட்சக்கணக்கான சொற்கள்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் கதை வேறு விதமாக நடந்தது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் ஆசிரியர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 1935 ஜூலையில் ரூஸ்வெல்ட் அரசு கூட்டரசு எழுத்தாளர் திட்டத்தைத் தொடங்கி அவர்களுக்குக் கூலி கொடுத்தது. ஹென்றி ஆல்ஸ்பர்க் இயக்குநர். உச்சத்தில் 6,000க்கு மேற்பட்டோர் இதில் வேலை பார்த்தார்கள். மாநில வழிகாட்டி நூல்கள் எழுதுவதே முதல் வேலை. பின்னர் நாட்டார் வழக்காற்றியல் பிரிவுக்கு வந்த பெஞ்சமின் பாட்கின் நகரத்துப் பேச்சின் பக்கம் ஆட்களைத் திருப்பினார். நாட்டார் வழக்கு மலைக்கிராமத்துக் கிழவர்களிடம் மட்டும் இல்லை, நியூயார்க் டாக்சி ஓட்டுநரிடமும் ரயில் பெட்டிப் பணியாளரிடமும் இருக்கிறது என்பது அவர் வாதம்.

ஒவ்வொரு பேட்டிக்கும் நான்கு படிவங்கள்: பேட்டி எடுத்த சூழ்நிலை, சொன்னவரின் பின்னணி, பேச்சு, எழுதியவரின் குறிப்பு. ஒலிப்பதிவுக் கருவி கிடையாது. கேட்டதைக் குறிப்பெடுத்து, வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதினார்கள். மேஹ்யூவின் காலத்தில் கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நடுவே ஒரு பெரிய வகுப்பு இடைவெளி இருந்தது. இங்கே கேட்டவர்களில் பெரும்பாலானோர், நிவாரணம் பெறும் அளவுக்கு ஏழை என்று நிரூபித்த பிறகே இந்த வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்கள். அதனால் பல பேட்டிகளில் பரிதாபத் தொனி இல்லை. இறைச்சிக் கூடத்துத் தொழிலாளி வேலையைத் திட்டுகிறார், கேட்பவர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார் என்று தோன்றும்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் ரால்ஃப் எலிசன். தெற்கிலிருந்து குடிபெயர்ந்து வந்த கறுப்பின மக்கள் தெருமுனைகளிலும் மதுக்கடைகளிலும் பேசியதை 1938 முதல் எழுதினார். குழந்தைகளின் தெருப் பாட்டுகளையும் சேர்த்தார். வெள்ளையர் கண்ணில் படாமல் மாயமாகும் வித்தை தெரிந்த ஒருவனைப் பற்றி ஒரு ஆள் சொன்ன கதையும் அவர் படிவத்தில் இருக்கிறது. அவருடைய நாவல் 'இன்விசிபிள் மேன்' வெளிவந்தது 1952இல். சிகாகோவில் நெல்சன் ஆல்கிரன் இதே சம்பளப் பட்டியலில் இருந்தார்.

திட்டத்தில் பொதுவுடைமைக்காரர்கள் புகுந்துவிட்டதாக 1938இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் டைஸ் விசாரணைக் குழு குற்றம்சாட்டியது. மறு ஆண்டே மைய அரசின் பணம் நின்றது. சேர்ந்திருந்த ஏறத்தாழ 2,900 வாழ்க்கை வரலாற்று ஆவணங்கள் காங்கிரஸ் நூலகத்தில் அடைந்து கிடந்தன. ஆன் பேங்க்ஸ் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை 1980இல்தான் வெளியிட்டார். சொன்னவர்களில் பலர் தங்கள் பேச்சை அச்சில் பார்க்காமலே போயிருப்பார்கள்.

திட்டத்தின் இல்லினாய் பிரிவில் வானொலி நாடகம் எழுதிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், முப்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கலையை உலகறியச் செய்தார். ஸ்டட்ஸ் டெர்க்கல் 1912இல் நியூயார்க்கில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். பெற்றோர் நடத்திய தங்கும் விடுதியின் கூடத்தில் வேலை தேடி வந்தவர்களும் வேலை இழந்தவர்களும் சண்டை போட்டதைக் கேட்டே அவர் வளர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் இடதுசாரி முத்திரை குத்தப்பட்டுத் தொலைக்காட்சி வாய்ப்புகளை இழந்தார். சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் 45 ஆண்டுகள் பேட்டி எடுத்தார். சீனக் கிராமம் ஒன்றைப் பற்றி யான் மிர்டால் எழுதிய நூலைப் பதிப்பித்த ஆந்த்ரே ஷிஃப்ரின், சிகாகோவைப் பற்றி அப்படி ஒன்று செய்யும்படி அவரைத் தூண்டினார். 1967இல் 'டிவிஷன் ஸ்ட்ரீட்', 1970இல் 1930களின் பெருமந்தத்தைப் பற்றிய 'ஹார்டு டைம்ஸ்', 1974இல் 130க்கு மேற்பட்டோர் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் 'வொர்க்கிங்' என்று நூல்கள் வரிசையாக வந்தன.

டெர்க்கலின் ஆயுதம் டேப் ரெக்கார்டர். அதை இயக்க அவருக்குச் சரியாகத் தெரியாது. சில பெரிய மனிதர்களின் பேட்டிகளை அழித்தே விட்டிருக்கிறார். பேட்டி கொடுப்பவரே குனிந்து, நாடா சுற்றவில்லையே என்று சரிசெய்து கொடுப்பதுண்டு. வந்தவர் மேதாவி இல்லை என்று தெரிந்ததும் எதிராளியின் கூச்சம் போய்விடும் என்பதை அவர் அறிந்தே வைத்திருந்தார். அரசு குடியிருப்பு ஒன்றில் ஓர் ஏழைத் தாய் பேசி முடித்ததும், சுற்றி நின்ற பிள்ளைகள் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்றார்கள். நாடாவைத் திருப்பிப் போட்டார். கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தான் இப்படியெல்லாம் நினைப்பது தனக்கே இதுவரை தெரியாது என்றார். டெர்க்கல் பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி இது.

நாடா வந்ததால் வெட்டுவது நின்றுவிடவில்லை. தட்டச்சு செய்த பத்துப் பத்துப் பக்கங்கள் நூலில் சில பக்கங்களாகச் சுருங்கின. கேள்விகளில் பெரும்பாலானவை மேஹ்யூவின் பக்கங்களில் போலவே மறைந்தன. 'ஹார்டு டைம்ஸ்' நூலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1930களைப் பற்றி 1960களின் இறுதியில் கேட்டது அது. விலையிலும் தேதியிலும் பிழை இருக்கலாம். இருந்தும் அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: நாடே வேலை இழந்து நின்றபோது ஒவ்வொருவரும் குற்றம் தன்னுடையது என்று நம்பியிருந்தார்கள். வேலை போனதை மனைவியிடம் மறைத்தவர்கள், நிவாரண வரிசையில் தெரிந்த முகத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டவர்கள் என்று பலர். நூலுக்கு மதிப்புரை எழுதிய வரலாற்றாசிரியர் மைக்கேல் ஃப்ரிஷ், நினைவின் இந்தச் சாய்வைத்தான் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு சமூகத்தின் வீழ்ச்சியைத் தனிமனிதத் தோல்வியாக நினைத்துக்கொண்டவர்கள், பிறகு அதைத் தாங்கள் மன உறுதியால் கடந்த கதையாகச் சொன்னார்கள். தன்னம்பிக்கைக் கதைகளை விரும்புகிறவர்கள் அந்த நூலை இந்த எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.

1970களில் லண்டனில் கேட்பவரும் சொல்பவரும் ஒரே தெருக்காரர் ஆனார்கள். புத்தகக் கடையே அரிதாக இருந்த ஹாக்னியில் 1971இல் சென்டர்பிரைஸ் என்ற புத்தகக் கடையும் காபிக் கடையும் சேர்ந்த இடம் தொடங்கியது. அங்கே கூடிய குழு ஹாக்னி மக்களின் தன்வரலாறு என்ற திட்டத்தின் கீழ் அக்கம்பக்கத்துக்காரர்களின் வேலை அனுபவங்களைப் பதிவு செய்து சிறு நூல்களாக அச்சிட்டது. செருப்புத் தைத்தவர், டாக்சி ஓட்டியவர், தையல்கார அம்மாள் ஆகியோரின் நூல்கள் அந்தத் தெருக்களிலேயே விற்றன. 1976இல் இத்தகைய குழுக்களுக்கு ஒரு கூட்டமைப்பும் உருவானது. வாடகைத் தகராறில் உள்ளாட்சி இடத்தைத் திரும்பப் பெற, 2012இல் சென்டர்பிரைஸ் மூடப்பட்டது. அமெரிக்காவில் வானொலித் தயாரிப்பாளர் டேவ் ஐசே 2003 அக்டோபரில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூண்டை வைத்தார். அம்மாவும் மகனுமோ, பழைய நண்பர்களோ உள்ளே போய் 40 நிமிடம் பேசினார்கள். பதிவு காங்கிரஸ் நூலகத்துக்குப் போனது. அந்தக் கூண்டைத் திறந்து வைத்தவர் 91 வயது டெர்க்கல்.

இந்திய நகரங்களில் இவ்வகைப் பதிவுகளுள் முதலில் நிறுத்த வேண்டியது பம்பாயின் கிரண்காவ் பற்றியது. பருத்தி ஆலைகள் நெருங்கியிருந்த நடு பம்பாயின் பெயர் அது. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அந்தப் போராட்டம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாகச் செத்தன, நிலங்களில் வணிக வளாகங்கள் எழுந்தன. மீனா மேனனும் நீரா அடார்க்கரும் தொழிலாளர்கள், அவர்களின் மனைவிமார், சங்கத்தினர், கலைஞர்கள் என ஏறத்தாழ நூறு பேரின் பேச்சைத் தொகுத்து 2004இல் நூலாக்கினார்கள். ஆலைப் பகுதியின் சமையல் மெஸ்களும், ஒரே அறையில் முறைவைத்துப் படுத்த ஷிப்டுகளும், வேலைநிறுத்த மாதங்களில் ஊருக்குத் திரும்பியவர்கள் நிலத்தை நம்பி எப்படிப் பிழைத்தார்கள் என்பதும் அதில் உள்ளன.

டெல்லியில் அங்கூர் என்ற கல்வி அமைப்பும் சராய் ஆய்வு மையமும் 2001 முதல் குடிசைப் பகுதி இளைஞர்களுக்கு எழுத்துப் பட்டறைகளை நடத்தின. அந்தக் குடிசைப் பகுதிகளில் ஒன்று யமுனைக் கரையில், ரிங் ரோட்டை ஒட்டி, மின்நிலையச் சாம்பல் கொட்டிய மண்ணில் எழுந்த நாங்லா மாஞ்சி. 2006இல் நீதிமன்ற ஆணைப்படி அது இடிக்கப்பட்டது. இடிப்புக்கு முன்னும் பின்னும் அந்த இளைஞர்கள் தங்கள் சந்துகளில் நடந்ததைத் தாங்களே எழுதினார்கள். அக்கம்பக்கத்தார் பேச்சும், வதந்திகளும், அதிகாரிகள் கணக்கெடுக்க வந்தபோது பெட்டியைக் கவிழ்த்துப் பழைய ரேஷன் கார்டைத் தேடியதும் அந்த எழுத்தில் இருக்கின்றன. இந்தியில் 2007இல் 'பஹுரூபியா ஷஹர்' என்றும், ஆங்கிலத்தில் 2010இல் 'ட்ரிக்ஸ்டர் சிட்டி' என்றும் அது நூலானது. நாங்லா மாஞ்சியில் ஆவணம் காட்ட முடிந்தவர்களுக்கு நகரத்தின் வடமேற்கு விளிம்பில் சாவ்தா கேவ்ராவில் மனை கிடைத்தது. 1990க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்குச் சான்று இருந்தால் 18 சதுர மீட்டர், 1998க்கு முன் என்றால் 12.5 சதுர மீட்டர். காகிதம் இல்லாதவர்களுக்கு ஒன்றும் இல்லை.